ஹோஸுக்கு நாலு நட்சத்திரம், கூட வந்த கிளிப்புக்கு ஒன்றுகூட இல்லை

அவசரமாகப் படிப்பவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்குப் போடுகிற 8 மி.மீ. ரப்பர் ஹோஸ், ஒரு மீட்டர் நீளம், கூடவே நாலு ஸ்க்ரூ கிளிப், எல்லாம் ஒரே பாக்கெட்டில். ஹோஸ் நல்ல சரக்கு. தாராளமாக வாங்கலாம். கிளிப்புகளைப் பாக்கெட்டிலிருந்து எடுத்த கையோடு வேறு எதற்காவது ஒதுக்கி வையுங்கள். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்கு ஆகும். கியர் ஆயிலுக்கு ஆகாது.

இனி நேரமிருப்பவர்களுக்கு.

நான் மெக்கானிக் இல்லை. பகலெல்லாம் அடுத்தவர் கணக்கைச் சரிபார்க்கிற வேலை. அந்தப் பழக்கத்தில் காருக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் என்ன மாற்றினேன் என்று எழுதிவிடுவேன். இந்த ஹோஸ் போட்டு 14 மாதம் ஆகிறது, 17,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கிய மறுநாளே ஐந்து நட்சத்திரம் போட்டு "சூப்பர்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ரப்பரின் குணம் ஒரு நாளில் தெரியாது. சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, ஒரு வெயிலையும் ஒரு குளிரையும் பார்த்த பிறகுதான் அதைப்பற்றிப் பேச வேண்டும்.

ஆரம்பம் ஒரு சொட்டு. காலையில் வண்டியை எடுத்த இடத்தில் சிவப்பாக ஒரு காசு அளவுக்கு ஈரம். மகன்தான் முதலில் பார்த்தான். "அப்பா, வண்டிக்கு ரத்தம் வருது" என்றான். நான் ஏசித் தண்ணீர் என்று நினைத்து நாலு நாள் அலட்சியமாக விட்டேன். ஏசித் தண்ணீருக்கு நிறமும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. விரலில் தேய்த்தாலே தெரிந்திருக்கும். ஐந்தாம் நாள் பழைய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து இரவு வண்டிக்கு அடியில் விரித்து வைத்தேன். காலையில் மூன்று சொட்டு, மூன்றும் ரேடியேட்டரின் கீழ் ஓரத்துக்கு நேராக. விரலில் எடுத்தால் வழவழப்பு. என்ஜினை ஆற்றுகிற கூலன்ட்டுக்கு உள்ள அந்த இனித்த வாடை இல்லை. லேசாகக் கருகிய எண்ணெய் வாடை.

சிவப்பு நிறத்தைப் பார்த்தவுடன் கியர் ஆயில்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கும் இதே ஆயில்தான். சில கூலன்ட்டும் சிவப்பு. ஆட்டோமேட்டிக் ஆயிலுக்கு இயற்கையில் அந்த நிறம் கிடையாது, என்ஜின் ஆயிலோடு குழம்பிவிடாமலிருக்கச் சாயம் போடுகிறார்கள். 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டைப் ஏ ஆயில் காலத்திலிருந்து அந்தச் சாயம் இருக்கிறது. ஓட ஓட நிறம் மங்கிப் பழுப்பாகும். என் அட்டையில் விழுந்தது பழுப்புச் சிவப்பு. ஸ்டீயரிங் ஆயில் தொட்டியில் அளவு குறையவில்லை, கூலன்ட்டும் குறையவில்லை. மிச்சமிருந்தது கியர்பாக்ஸ் ஒன்றுதான்.

கசிகிற இடத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். முன்னால் ரேடியேட்டர் பக்கம் கசிந்தாலும் கியர்பாக்ஸின் வயிறு முழுக்க ஈரமாகித் தெரியும். அதைப் பார்த்து "கியர்பாக்ஸ் சீல் போச்சு, இறக்கணும்" என்று பெரிய வேலை சொல்லிவிடுவார்கள். எனக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தபோது ரேடியேட்டரில் ஹோஸ் மாட்டியிருக்கிற இடத்தில், கிளிப்புக்குக் கீழே, ஒரு சிவப்பு முத்து மெல்லத் திரண்டு தொங்கியது. பெரிய வேலை சின்ன வேலையாகச் சுருங்கியது அந்த நிமிடம்தான்.

இந்த ஹோஸுக்கு அப்படி என்ன வேலை? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. அதற்குள் ஒரு விசிறி ஆயிலைத் தள்ள, அந்த ஆயில் எதிரே உள்ள இன்னொரு விசிறியைச் சுழற்றுகிறது. அந்தத் தள்ளுமுள்ளில் நிறையச் சூடு. சூடான ஆயில் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, ரேடியேட்டரின் தொட்டிக்குள் ஒளிந்திருக்கிற கூலருக்குப் போய், ஆறி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்புகிறது. பாதை முழுக்க இரும்புக் குழாய். என்ஜின் ஆடும், ரேடியேட்டர் ஆடாது, ஆகவே இரண்டுக்கும் நடுவே வளைந்துகொடுக்க ஒவ்வொரு குழாயிலும் ஒரு சாண் ரப்பர். அந்த ஒரு சாண்தான் நம் கதாநாயகன். சாதாரண ஓட்டத்தில் உள்ளே போகிற ஆயில் 80, 90 டிகிரி செல்சியஸ். நெரிசலில் ஊர்ந்தாலோ மேட்டில் சுமையோடு ஏறினாலோ 100-ஐத் தாண்டும். ஹோஸ் ஓடும்போது பிய்த்துக்கொண்டால் பம்ப் ஆயிலைத் தெருவில் ஊற்றிவிடும். சில நிமிடங்களில் கியர்பாக்ஸ் காய்ந்துவிடும். கை நீள ரப்பருக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு.

பழைய ஹோஸைக் கழற்றிப் பார்த்ததும் எனக்குக் கோபமும் வந்தது, பாடமும் கிடைத்தது. அது கம்பெனியில் போட்டது அல்ல. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் காலத்தில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். துடைத்துவிட்டு மேலே அச்சடித்திருந்ததைப் படித்தால், எஸ்ஏஇ 30ஆர்7. எஸ்ஏஇ என்பது வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரக்குறி. 30ஆர்7 என்றால் கார்பரேட்டர் காலத்து, அழுத்தம் குறைந்த பெட்ரோல் ஹோஸ். உள்ரப்பர் இதிலும் பெரும்பாலும் எண்ணெயைத் தாங்குகிற நைட்ரைல்தான், ஆகவே ஆயில் பட்டதும் கரைந்துவிடாது. முதல் வருடம் ஒரு சொட்டுக்கூட வந்திருக்காது, போட்டவர் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் கியர் ஆயிலின் சூட்டுக்காக அதைச் செய்யவில்லை. சூட்டில் வெந்து வெந்து முனை கட்டையாக இறுகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. வளைத்தால் மேல்தோல் பாளம் பாளமாக வெடித்தது. இறுகிய ரப்பர் குழாயைக் கவ்விப் பிடிக்காது. குளிர்ந்த காலையில் இன்னும் கொஞ்சம் சுருங்கும், அந்த இடுக்கில் ஆயில் எட்டிப் பார்க்கும். அதனால்தான் என் வண்டி காலையில் மட்டும் சொட்டியது, மாலையில் நல்ல பிள்ளையாக இருந்தது.

இதைவிட மோசமாக ஹீட்டர் ஹோஸ் போடுகிறவர்களும் உண்டு. அது கூலன்ட்டுக்கான இபிடிஎம் ரப்பர். கூலன்ட்டில் பல வருடம் உழைக்கும். எண்ணெய் பட்டால் ஊறிப்போன பணியாரம் மாதிரி உப்பி, கொழகொழத்துவிடும். கறுப்பாக, உருண்டையாக இருப்பதெல்லாம் ஒரே ஹோஸ் அல்ல. அச்சடித்திருக்கிற எழுத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

கியர் ஆயில் கூலருக்கான எழுத்து எஸ்ஏஇ ஜே1532. நான் வாங்கிய ஹோஸில் அது நீளம் முழுக்க, இடைவெளி விட்டு விட்டு, வெள்ளை மையில் இருந்தது. கூடவே அளவு, தயாரித்த தேதி. பாக்கெட்டில் -40 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை என்று போட்டிருந்தார்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளே வழவழப்பான ஒரு ரப்பர் அடுக்கு, நடுவில் நூல் பின்னல், வெளியே சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ஈடுகொடுக்கிற இன்னொரு தோல். பின்னல் ஒரு பக்கமாக ஒதுங்காமல், சுவர் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு ஹோஸில் ஒரு பக்கம் தடித்தும் இன்னொரு பக்கம் மெலிந்தும் இருக்கும். இதில் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன், சுற்றிலும் சமம். அரை நட்சத்திரம் அதற்கே கொடுக்கலாம்.

அளவு விஷயத்தில் நான் அசடு வழிந்தேன். அதையும் சொல்ல வேண்டும். முதல் தடவை குழாயின் முனையில் அளந்து 9.5 மி.மீ., அதாவது 3/8 அங்குல ஹோஸ் வரவழைத்தேன். அது லொடலொடவென்று நின்றது. குழாயின் முனையில் ஒரு மேடு இருக்கிறது, ஹோஸ் நழுவாமலிருக்க. நான் அளந்தது அந்த மேட்டை. அளக்க வேண்டியது மேட்டுக்குப் பின்னாலிருக்கிற குழாயை. அங்கே 8 மி.மீ. சரியான ஹோஸ் 5/16 அங்குலம். கணக்கு எழுதுகிறவன் ஒன்றரை மில்லிமீட்டரில் தவறினேன் என்று வீட்டில் இன்றுவரை பேச்சு. கிளிப்பை இறுக்கி ஒப்பேற்றிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மைதான். அப்படிச் செய்தால் பெரிய ஹோஸ் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பு வழியாகவே கசியும்.

சரியான அளவு வந்ததும் ஒரு ஞாயிறு காலை, என்ஜின் முழுக்க ஆறிய பிறகு, வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மல்லாந்து படுத்தால் முதல் சொட்டு கண்ணைத்தான் தேடி வரும்.

பழைய ஹோஸ் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். ரேடியேட்டர் பக்கத்து முனை பிளாஸ்டிக் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறது, பலம் கொடுத்தால் ரேடியேட்டரோடு போய்விடும். முதலில் பிளையரால் மெல்லத் திருகி ஒட்டை விடுவிக்கப் பார்க்க வேண்டும். அசையவில்லை என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரிக்கலாம், ஆனால் கத்தி முனை குழாயைத் தொடக் கூடாது. குழாயில் நீளமாக ஒரு கீறல் விழுந்தால் புது ஹோஸுக்கு அடியில் ஆயிலுக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. என் இரும்புக் குழாயில் கொஞ்சம் துரு இருந்தது. நைஸ் எமரித் தாளால் சுற்றுவாட்டில் தேய்த்து, துடைத்தேன். துரு ஆழமாகக் குழி பறித்திருந்தால் குழாயையே மாற்றியாக வேண்டும், ஹோஸ் அதைச் சரிசெய்யாது.

வெட்டும் விதத்தைப்பற்றி ஒரு வார்த்தை. ரம்பத்தால் வெட்டினால் ரப்பர் பொடி உள்ளே போகும். கியர்பாக்ஸுக்குள் ஆயிலைப் பிரித்து அனுப்புகிற வால்வு பாடியில் இருக்கிற துவாரங்கள் பொடிப்பொடியானவை. அங்கே ஒரு துகள் போதும் தலைவலிக்கு. நல்ல கூர்மையான பிளேடால், நேராக, ஒரே வெட்டு. இந்த ஹோஸ் நூல் பிரியாமல் சுத்தமாக வெட்டுப்பட்டது. வெட்டிய பிறகு ஊதிவிட்டேன். மாட்டும்போது உள்ளே அதே கியர் ஆயிலில் இரண்டு சொட்டுத் தடவிக்கொண்டேன். கிரீஸ், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். வழுக்கிக்கொண்டு மேட்டைத் தாண்டி ஏறியது. 25 மி.மீ. உள்ளே போக வேண்டும் என்று முன்கூட்டியே குழாயில் வெள்ளைக் கோடு போட்டிருந்தேன், கோடு மறையும்வரை தள்ளினேன்.

இரண்டு ஹோஸையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மாற்றி மாட்டிவிட்டுப் பிறகு யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஹோஸில் நான் ஒரு நட்சத்திரம் குறைத்தது வளைவுக்காக. கம்பெனி ஹோஸ் வண்டியின் பாதைக்கு ஏற்ப வார்த்து வரும், பிறவியிலேயே வளைந்திருக்கும். இது நேர் ஹோஸ், சுவரும் தடிமன். என் வண்டியில் ஒரு பக்கம் சுலபம். மற்ற பக்கம் குறுகிய இடத்தில் முழங்கை மடக்கிய மாதிரி திரும்ப வேண்டும். பழைய நீளத்துக்கே வெட்டி மாட்டினேன். வளைவின் உள்பக்கம் மடிந்து சப்பையாகிவிட்டது. சப்பையான ஹோஸ் இருந்தும் பயனில்லை, ஆயில் போகாது. கழற்றிவிட்டு நாலு விரல் நீளம் கூட்டி, பெரிய வளைவாக, ஃபேனையும் பெல்ட்டையும் தொடாமல் சுற்றிக் கொண்டுவந்தேன். சரியாக உட்கார்ந்தது. அந்தச் சோதனையில் ஒரு துண்டு வீணானது, ஒரு மீட்டரில் மிச்சம் ஒரு சாண்தான். உங்கள் வண்டியில் திருப்பங்கள் இறுக்கமாக இருந்தால் இந்த ஹோஸ் வேண்டாம், வார்த்த ஹோஸையே கேட்டு வாங்குங்கள். முனையில் சொடக்கிப் பூட்டுகிற கனெக்டர் இருக்கிற வண்டிகளுக்கும் இது பொருந்தாது.

இப்போது கிளிப்புக்கு வருவோம். எனக்குக் கொதிப்பு இருப்பது இங்கேதான்.

பாக்கெட்டில் வந்தவை பட்டையில் வரிசையாகத் துளை வெட்டிய சாதாரண ஸ்க்ரூ கிளிப்புகள். பெரிய ஹோஸுக்கு இவை பரவாயில்லை. 15 மி.மீ. வெளிச்சுற்றுள்ள சின்ன ஹோஸில் இறுக்கினால் வட்டமாக நிற்பதில்லை. ஸ்க்ரூ உட்கார்ந்திருக்கிற இடத்தில் தட்டையாகி, முட்டை வடிவமாகிவிடுகிறது. தட்டையான இடத்தில் பிடி இல்லை. பிடி இல்லையே என்று இன்னும் இறுக்கினால் துளைகள் வழியாக ரப்பர் பிதுங்கி, பட்டையின் விளிம்பு ஹோஸை அறுக்கிறது. நல்ல ஹோஸைச் செய்தவர்கள் அதற்குக் கத்தியையும் கூடவே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்!

முதலில் அவற்றையே போட்டேன். சொன்னால் கேட்கிற ஆள் நான் இல்லை, அதுவும் சும்மா வந்த பொருள். மூன்று வாரம் கழித்து அட்டையில் மறுபடி ஒரு சொட்டு. "அப்பா, இன்னொரு ஹோஸ் வாங்கணுமா?" என்று மகன் கேட்டான். ஹோஸில் ஒரு குறையும் இல்லை. புது ரப்பர் முதல் சில சூட்டில் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், ஸ்க்ரூ கிளிப் அதைத் தொடர்ந்து பிடிக்காது. அரைச் சுற்று இறுக்கினேன், நின்றது. இரண்டு வாரத்தில் மறுபடி ஈரம். கழற்றிப் பார்த்தால் ஹோஸின் தோலில் சீப்பு வைத்து அழுத்தின மாதிரி வரிவரியாக வெட்டு.

கம்பெனி ஸ்பிரிங் கிளிப்பை ஏன் போட்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ரப்பர் விரிந்தாலும் சுருங்கினாலும் அது கூடவே போய்ப் பிடிக்கும். ஆனால் ஸ்பிரிங் கிளிப் ஹோஸின் வெளிச்சுற்றுக்கு அளவெடுத்துச் செய்தது. இந்த ஹோஸ் கம்பெனி ஹோஸைவிடத் தடிமன். பழைய அளவு ஸ்பிரிங் கிளிப் அதன்மேல் ஏறவே மாட்டேன் என்றது. கடைசியில் 14-16 மி.மீ. அளவில், பெட்ரோல் இன்ஜெக்ஷன் ஹோஸுக்குப் போடுகிற போல்ட்டு-நட்டு கிளிப்புகள் நாலு வாங்கினேன். பட்டையில் துளை கிடையாது, விளிம்பு வெளிப்பக்கமாகச் சுருட்டியிருக்கும், இறுக்கினால் ஏறக்குறைய முழு வட்டமாகவே சுருங்கும். வெட்டு விழுந்த முனையை நறுக்கி எறிந்துவிட்டு மறுபடி மாட்டினேன். நல்லவேளை, கொஞ்சம் நீளம் விட்டு வைத்திருந்தேன். கிளிப் உட்கார வேண்டிய இடம் மேட்டின்மேல் அல்ல, மேட்டைத் தாண்டி, ஹோஸின் வெட்டிய விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் முன்னால்.

அன்றிலிருந்து அட்டை காய்ந்தே இருக்கிறது.

வேலையில் மொத்தம் கால் லிட்டர் ஆயில் போயிருக்கும். தட்டில் பிடித்ததை அளவு பார்த்து அதே அளவு புதிது ஊற்றினேன். வண்டிக் கையேட்டில் சொன்ன ரகம்தான் ஊற்ற வேண்டும். டெக்ஸ்ரான் 6 ரக ஆயில் கேட்கிற கியர்பாக்ஸும், பெல்ட்டில் ஓடுகிற சிவிடி கியர்பாக்ஸுக்கான ஆயில் கேட்பதும் வேறுவேறு, நிறம் ஒன்றாக இருந்தால்கூட. அளவு பார்ப்பதிலும் கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும். என் வண்டியில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு இடத்திலும் சில விநாடி நிறுத்தி, பார்க்கிங்குக்கான பி-யில் விட்டு, என்ஜின் ஓடும்போதே ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டா வண்டிகள் பலவற்றில் என்ஜினை அணைத்து 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்கச் சொல்வார்கள். குச்சியே இல்லாத வண்டிகளில் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடியிலுள்ள போல்ட்டைத் திறந்து பார்ப்பது. அது வீட்டு வாசல் வேலை இல்லை, தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஆயில் கூடினாலும் ஆபத்துதான், சுழல்கிற பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். குறைந்தால் முன்னால் போகிற டி-யில் லீவரைப் போட்ட பிறகு வண்டி யோசித்துவிட்டு நகரும். என் வண்டி கசிந்த நாட்களில் ரிவர்ஸில் அப்படி ஒரு கணம் யோசித்தது. அதை வயது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில்லறைக் குறைகள்: பாக்கெட்டில் செய்முறைத் தாள் இல்லை. வெள்ளை எழுத்து நாலைந்து முறை துடைத்ததில் அழிய ஆரம்பித்தது. எனக்குப் பின்னால் இந்த வண்டியை வாங்குகிறவர் ஜே1532 என்பதைப் படிக்க முடியாமல் என்னைச் சபிக்கக்கூடும். ஆகவே ஹோஸில் ஒரு சின்னத் தகடு கட்டி, அளவையும் தேதியையும் பொறித்து வைத்திருக்கிறேன். முதல் சில நாள் ரப்பர் வாடை கொஞ்சம் வந்தது, பிறகு இல்லை.

போன வாரம் இந்த மதிப்புரைக்காகவே மறுபடி அடியில் படுத்துப் பார்த்தேன். முனைகளை நகத்தால் அழுத்தினால் பதிந்து மீள்கிறது. தோலில் வெடிப்பு இல்லை. கிளிப்பைச் சுற்றி தூசி படிந்திருந்தது, காய்ந்த தூசி, எண்ணெய் குடித்த கறுப்புச் சேறு அல்ல. கிளிப் நட்டுகளை ஸ்பேனர் வைத்துச் சோதித்தேன். நாலில் ஒன்று கால் சுற்று போயிற்று, மற்றவை அசையவில்லை. நோட்டில் அதையும் எழுதி வைத்தேன். பாக்கெட்டோடு வந்த நாலு கிளிப்பில் இரண்டு இப்போது மொட்டைமாடித் தொட்டிக் குழாயில் இருக்கின்றன. அங்கேயும் ஒன்று சொட்டுகிறது.